கரும்பின் மரபை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

நாம் நாள்தோறும் உண்ணும் சர்க்கரைக்குப் பின்னே அறிவியலாளர் பலரின் உழைப்பு உள்ளது. அவர்களுள் ஒருவர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

இவர் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கேரளத்தின் தலைச்சேரியில் பிறந்தார். பெண்களுக்கு இளமையிலேயே மணம் முடித்த அக்காலத்தில் இவர் கல்வியைத் தேர்ந்தெடுத்தார். சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் நம் திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரிப் பேராசிரியராக இரண்டாண்டுகள் பணியாற்றினார்.

1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்வன, உயிரணுவினுள் நூல்போல் அமைந்த குரோமோசோம்கள். மனிதருக்கு இவை 46. தடித்த இனிப்புக் கரும்புக்கு 80. ஆற்றங்கரையில் தானே வளரும் காட்டுக்கரும்பிலோ 40 முதல் 128 வரை வேறுபடும். இனிப்புக் கரும்பு நோய்க்கு எளிதில் இரையாகும்; காட்டுக்கரும்பு இனிக்காது, ஆயினும் நோயையும் வறட்சியையும் தாங்கும். இவ்விரண்டையும் கலந்து புதிய வகைகளை உருவாக்கும் பணி அங்கு முன்பே தொடங்கியிருந்தது. அக்கலப்பினங்களின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி ஆராய்ந்தார் ஜானகி அம்மாள். கரும்பை மக்காச்சோளத்துடனும் கலந்து பார்த்தார். பெண் என்பதாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் என்பதாலும் உரிய மதிப்பு எளிதில் கிட்டவில்லை. எனினும் இவர் ஆய்வை விடவில்லை.

1940 முதல் இங்கிலாந்தில் பணியாற்றினார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். கால்சிசின் என்னும் பொருளைக் கொண்டு மக்னோலியா மரங்களின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். நம் வேலிகளில் படரும் செங்காந்தளின் நச்சுக் கிழங்கிலும் இப்பொருள் உண்டு.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எண்பது வயதைக் கடந்தபோதும், அணை கட்டி அமைதிப் பள்ளத்தாக்கை அழிக்கலாகாது எனக் குரல் கொடுத்தார். சென்னை மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் இறுதிவரை உழைத்து, 1984 பிப்ரவரி 7இல் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கரும்பின் மரபு மிகச் சிக்கலானது. இன்றைய கலப்பினக் கரும்பில் நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் உள்ளன. அவ்வகை ஒன்றின் மரபணுத் தொகுதியை விரிவாகப் படித்தறிந்த ஆய்வு 2024இல்தான் வெளிவந்தது. இனிப்பைக் கூட்டும் மரபணுக்கள் எவை, வறட்சியைத் தாங்கச் செய்வன எவை என்பது இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை. அதற்கு விடை காண வேண்டியவர்கள் வளரும் தலைமுறையினரே.

சொற்பொருள்
மரபு – வழிவழியாக வரும் பண்பு
கலப்பினம் – இரு வகைகளைக் கலந்து பெற்ற புதிய வகை
நுண்ணோக்கி – சிறியவற்றைப் பெரிதாகக் காட்டும் கருவி

வினாக்கள்
1. குரோமோசோம்களின் பணி யாது?
2. காட்டுக்கரும்பை இனிப்புக் கரும்புடன் கலந்தது ஏன்?
3. உம் ஊரில் தானே வளரும் செடி ஒன்றைக் கண்டு, அதன் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுக.