அயோத்தி தாசர்

அயோத்தி தாசர் (மே 20, 1845 - மே 5, 1914) தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சிக்கு வித்திட்டவர். சித்த மருத்துவர், இதழாசிரியர், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர். அயோத்திதாசப் பண்டிதர் என்றும் அழைக்கப்படுகிறார். மனிதனின் தகுதியைத் தீர்மானிப்பது பிறப்பன்று, ஒழுக்கமும் செயலுமே என்பது இவரது பௌத்த விளக்கத்தின் அடிப்படையாகும்.

வாழ்க்கை

இவரது இயற்பெயர் காத்தவராயன். இளமைக் காலம் நீலகிரியில் கழிந்தது. தம் ஆசிரியர் மீது கொண்ட மதிப்பினால் அவரது பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். 1891 இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1892 இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோருக்குக் கல்வி, தரிசு நிலம், கோயில் நுழைவு ஆகியவற்றைக் கோரினார். கோயில் நுழைவுக்கு அங்கு எதிர்ப்பு எழுந்தது. இந்நிகழ்வு அவரது பிற்காலச் சமய முடிவுக்கு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது.

பௌத்தம் தழுவல்

1898 இல் கர்னல் ஆல்காட்டின் உதவியுடன் இலங்கை சென்ற அயோத்தி தாசர், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். அதே ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் முதலிய இடங்களில் கிளைகள் தோன்றின. தமிழ்த் தொழிலாளர்கள் அவற்றில் பெருமளவில் பங்கேற்றனர்.

ஒழுக்கமும் வினையும்

பௌத்தத்தில் வினை (கருமம்) என்பது எண்ணத்தோடு செய்யப்படும் செயலாகும். கொல்லாமை, களவாடாமை, முறையற்ற காமம் தவிர்த்தல், பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்தும் பஞ்சசீலம் எனப்படும். முற்பிறவி வினையாலேயே ஒருவர் தாழ்ந்த சாதியில் பிறக்கிறார் என்னும் கருத்து தீண்டாமையை நியாயப்படுத்தப் பயன்பட்டு வந்தது. அயோத்தி தாசர் சாதியைப் பிற்காலத்தில் புகுத்தப்பட்ட ஏற்பாடாகவே கண்டார். அந்தணர் என்பது அறிவாலும் அருளொழுக்கத்தாலும் பெறும் பெயர் என்றார். பிறப்பைக் கொண்டு அப்பெயருக்கு உரிமை கோருவோரை வேஷப் பிராமணர் எனக் குறித்தார். ஒடுக்கப்பட்டோர் பழம் பௌத்தர்களே என்பதும் இவரது கருத்து. இதற்காக இவர் கையாண்ட சொல்லாராய்ச்சி முறைக்குப் போதிய வரலாற்றுச் சான்றில்லை என்ற விமர்சனம் உண்டு.

இதழும் நூல்களும்

1907 ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். 1908 இல் அது தமிழன் எனப் பெயர் மாறியது. புத்தரது ஆதிவேதம், இந்திரர் தேச சரித்திரம் ஆகியன இவரது குறிப்பிடத்தக்க நூல்கள். திருக்குறளுக்கும் ஔவையாரின் நீதிநூல்களுக்கும் பௌத்த நோக்கில் உரை எழுதினார்.

மறைவுக்குப் பின்

நெடுங்காலம் பரவலாக அறியப்படாதிருந்த இவரது எழுத்துகள், ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999 இல் வெளிவந்த பின் மீண்டும் ஆய்வுக்குள்ளாயின. 2005 இல் இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.