தியாகராச விலாசம்

சென்னைத் திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த இல்லத்தின் பெயர் தியாகராச விலாசம். தியாகராசர் என்பார் ஐயரின் தந்தையும் அல்லர், உறவினரும் அல்லர். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியாரே அவர். 1880ஆம் ஆண்டில் பணியிலிருந்து விலகியபோது, அப்பணிக்கு இளைஞரான ஐயரைப் பரிந்துரைத்தவர். அவ்வுதவியை ஐயர் வீட்டு வாயிலிலேயே எழுதி வைத்தார்.

உத்தமதானபுரத்தைச் சேர்ந்த ஐயர் 1855ஆம் ஆண்டு பிறந்தார். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரால் ஆசிரியர் அழைக்க, அதுவே நிலைத்துவிட்டது. பிள்ளை செல்வர் அல்லர்; ஆயினும் மாணவர்க்கு உணவும் இடமும் அளித்துக் கற்பித்தார். 1876இல் அவர் மறையும் வரை ஐயர் அவரைப் பிரியவில்லை.

கல்லூரிப் பணி ஏற்ற ஆண்டிலேயே, கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் கண்டார். என்னென்ன நூல்கள் கற்றீர் என முதலியார் வினவினார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என ஐயர் நீண்ட பட்டியல் ஒன்றைக் கூறினார். முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டா என்றே கேட்டார். ஐயர் அந்நூலைக் கற்றதில்லை, மனம் வாடினார். எனினும் மீண்டும் அவரிடமே சென்று, சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுக் கற்கத் தொடங்கினார்.

சமண சமயக் கருத்துகள் நிறைந்த அக்காப்பியத்தில் பல இடங்கள் ஐயருக்கு விளங்கவில்லை. கல்லூரியில் பிறர்க்குக் கற்பிக்கும் அவர், அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்று மாணவர்போல் ஐயம் கேட்டார். அந்நாளில் இஃது எளிய செயலன்று. வேற்றுச் சமயத்தாரிடம் பாடம் கேட்பதை அவர் இழிவாகக் கருதவில்லை. அவர்களும் மகிழ்ந்து விளக்கினர். 1887இல் சீவகசிந்தாமணி அச்சில் வெளிவந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை எனப் பதிப்புப்பணி தொடர்ந்தது. ஏடு தந்து உதவியோரின் பெயர்களை முகவுரைகளில் மறவாது குறிப்பிட்டார்.

1906இல் அரசினர் அவருக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் வழங்கினர். புகழின் உச்சியில் இருந்த ஐயரிடம் தம் வரலாற்றை எழுதுமாறு அன்பர்கள் வேண்டினர். அவர் முதலில் எழுதியது ஆசிரியரின் வரலாற்றையே. அந்நூல் 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து அப்போது ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல்தான். அதிலும் பெரும்பகுதி ஆசிரியரைப் பற்றியதே. 1942இல் ஐயர் மறைந்தபோது அந்நூல் முற்றுப்பெறாமல் நின்றது.