மண்டையோடுகள் சொன்ன உண்மை

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைப்பகுதியில் உள்ள சிற்றூர் ஹுவாரோச்சிரி. அங்கு 1880ஆம் ஆண்டு, கெச்சுவா மொழி பேசும் பழங்குடிக் குடும்பத்தில் ஹூலியோ தேயோ பிறந்தார்.

அவ்வட்டாரத்தின் பழைய கல்லறைகளில் துளையிடப்பட்ட மண்டையோடுகள் கிடைத்தன. அதிகாரிகளின் ஆணைப்படி, தேயோவின் தந்தையார் அவற்றுள் சிலவற்றைத் திரட்டித் தலைநகர் லீமாவுக்கு அனுப்பினார். அதைக் கண்ட சிறுவன் தேயோவுக்குக் காரணம் புரியவில்லை.

பின்னர் தேயோ படிப்பதற்காக லீமாவுக்குச் சென்றார். தந்தையார் இறந்ததும் வறுமை வாட்டியது. செய்தித்தாள் விற்றும் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தும் கல்வியைத் தொடர்ந்தார். சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது, நூலகத்தில் அமெரிக்க நூல் ஒன்றைப் புரட்டினார். தம் ஊரிலிருந்து தந்தையார் அனுப்பிய மண்டையோடுகளின் படங்கள் அதில் இருந்தன! அந்த நொடியே அவரது வாழ்க்கைப் பாதை மாறியது.

அவை பண்டைய அறுவை சிகிச்சையின் சான்றுகள். பெருவில் கிடைத்த இத்தகைய மண்டையோடு ஒன்றைப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1867ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்திருந்தார். உயிருடன் இருந்தவருக்கே அந்த அறுவை செய்யப்பட்டது என்று அவர் கூறியபோது பலர் ஐயுற்றனர். ஐரோப்பிய மருத்துவமனைகளிலேயே மண்டையைத் திறந்தால் நோயாளி பிழைப்பது அரிதாக இருந்த காலம் அது. எஃகுக் கருவிகளே இல்லாத பழங்குடியினரால் அது எப்படி முடிந்திருக்கும் என்று அவர்கள் எண்ணினர்.

தம் முன்னோரின் திறமையைச் சான்றுடன் நிறுவத் தேயோ உறுதி பூண்டார். மலைக் கல்லறைகளில் தேடி, துளையிடப்பட்ட ஏறத்தாழ 400 மண்டையோடுகளைத் திரட்டினார். பலவற்றில் துளையின் ஓரம் கூர்மையாக இல்லை. புதிய எலும்பு வளர்ந்து மழமழப்பாக இருந்தது. இறந்தவரின் எலும்பு வளராது. எனவே, சிகிச்சைக்குப் பின்னரும் அவர்கள் நெடுநாள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. சில மண்டையோடுகளில் எலும்பு முறிவும் காணப்பட்டது. போரில் கவண்கல்லாலோ தண்டத்தாலோ அடிபட்டவர்களின் நொறுங்கிய எலும்பை அக்கால மருத்துவர்கள் அகற்றியிருந்தனர்.

1911ஆம் ஆண்டு தேயோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, லண்டனில் நடந்த அனைத்துலக மாநாட்டில் தம் ஆய்வை அறிஞர்கள்முன் வைத்தார். தாயகம் திரும்பியபின், பராக்கஸ் பாலைநிலத்தில் அகழாய்வு நடத்தினார். அங்கு 1927இல், அழகிய துணிகளால் சுற்றப்பட்ட 400க்கும் மேற்பட்ட பதப்பட்ட உடல்கள் வெளிப்பட்டன.

பெரு நாட்டுத் தொல்லியலின் தந்தை எனப் போற்றப்படும் தேயோ 1947இல் மறைந்தார். லீமாவில் அவர் உருவாக்கிய அருங்காட்சியகத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. எழுத்தில் வரலாற்றைப் பதிவு செய்யாத மக்களுக்கும் அறிவு மரபு உண்டு என்பதை அவரது உழைப்பு உலகுக்கு உணர்த்தியது.