முத்துக்குளித்துறைக்கு எழுத்தளித்த அண்டிரிக் அடிகளார்



நம் தூத்துக்குடி நகருக்கு நினைவு நாள்கள் பல உண்டு. பனிமய அன்னையின் திருச்சுரூபம் கரைசேர்ந்த 1555, அன்னைக்கு இன்றுள்ள ஆலயம் எழும்பிய 1713, மறைமாவட்டம் உருவான 1923, ஆலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட 1982 ஆகிய ஆண்டுகளை நாம் மறப்பதில்லை. ஆனால் அக்டோபர் 20-ஆம் நாள் மட்டும் ஆண்டுதோறும் ஓசையின்றி வந்து போகிறது. நம் பங்கு யூபிலி காணும் இவ்வேளையில், அந்நாளுக்கு உரியவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

அவரே சேசு சபைக் குருவான ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழ் மக்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தனர். 1520-இல் போர்த்துக்கல் நாட்டின் வில்லா விசோசா ஊரில், யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தும், யூத மரபினர் என்ற ஒரே காரணத்தால் அங்கே நிலைத்திருக்க இயலாது போயிற்று. பிறப்பைக் காட்டித் தள்ளப்பட்ட அவரை 1545-இல் சேசு சபை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கோவா வந்து சேர்ந்தார். 1547-இல் முத்துக்குளித்துறையில் கால் வைத்தார்.

அக்காலத்தில் இக்கரையோர மக்கள் ஞானஸ்நானம் பெற்றுப் பத்து ஆண்டுகளே கடந்திருந்தன. 1542-இல் வந்த புனித சவேரியார் ஊர் ஊராகச் சென்று செபங்களைக் கற்பித்திருந்தார். எனினும் குருக்கள் துபாஷிகளின் துணையின்றி மக்களோடு பேச முடியாத நிலை இருந்தது. பாவசங்கீர்த்தனம் செய்ய வருபவர் தம் மனத்தின் பாரத்தை மூன்றாம் ஆள் முன்னே எவ்வாறு இறக்கி வைப்பார்? இதைச் சிந்தித்துப் பார்த்தாலே அடிகளாரின் உழைப்பின் அருமை விளங்கும்.

போதிக்க வந்தவர் மாணவனாய் அமர்ந்தார். உடல்நலம் குன்றியவராயினும் தமிழைக் கற்பதில் ஊக்கம் குன்றவில்லை. இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்துத் தமிழின் வேற்றுமைகளையும் வினை வடிவங்களையும் வகைப்படுத்தினார். சில மாதங்களிலேயே துபாஷியின்றிப் பேசத் தொடங்கினார். பின்வரும் குருக்களும் கற்கட்டும் என்று இலக்கணம் எழுதினார். முன்னர் மொழிபெயர்க்கப்பட்டிருந்த செபங்களில் பிழைகள் கண்டபோது, அவற்றையும் பணிவோடு திருத்தினார்.

1549-இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டபின், இக்கரையின் மறைப்பணிப் பொறுப்பு அண்டிரிக் அடிகளார் தோள்மேல் விழுந்தது. அத்தனை அலுவல்களுக்கிடையிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை.

1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபநூல் ஒன்று அச்சானது; ஆனால் அது உரோமை எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்திலேயே நூல் வர வேண்டும் என்பது அடிகளாரின் ஆவல். 1577-இல் கோவாவிலும், அடுத்த ஆண்டு கொல்லத்திலும் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு ஞானோபதேச நூல்! இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறியது அதுவே முதன்முறை. 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586-இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அர்ச்சிஷ்டவர்கள் வரலாறு என நூல்கள் தொடர்ந்தன.

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இம்மக்களோடு வாழ்ந்த அடிகளார், 1600 பிப்ரவரியில் புன்னைக்காயலில் ஆண்டவரில் துயில் கொண்டார். அவரது திருவுடல் நம் தூத்துக்குடியிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. 2028 அக்டோபர் 20 அன்று அச்சிறு நூலுக்கு 450 ஆண்டுகள் நிறைவுறுகின்றன.

அந்நாளை விழாவாகக் கொண்டாடுவது நன்றே. ஆனால் ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். நம் ஞானோபதேச வகுப்பில், தமிழ்ச் செபப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகளைக் காண்கிறோம். மனப்பாடமாய்ச் சொல்கிறார்கள், பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமன்று. மக்களுக்குப் புரிகிறதா என்று எண்ணாமல் பிரசங்க மேடையில் குருமடத்துச் சொற்களை அடுக்கிய நாள்கள் நமக்கும் உண்டு. அயல்நாட்டார் ஒருவர் நமக்காகக் கற்ற மொழியை நாமே கைவிடலாகுமா?

ஆகவே யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் நம் வேண்டுகோள் இதுவே. இரவு செபமாலை முடிந்ததும், வீட்டுப் பிள்ளை ஒருவர் வேதாகமத்தில் பத்து வரிகளேனும் தமிழில் உரக்க வாசிக்கட்டும். பெரியவர்கள் பொருள் சொல்லட்டும். தெரியாததை நம்மிடம் வந்து கேளுங்கள். நமக்கும் தெரியாவிடில் சேர்ந்து கற்போம். அடிகளாருக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் அதுவே.

பனிமய அன்னை நம் அனைவரையும் காத்தருள்வாராக!

பங்குத்தந்தை