இறக்கத்தை வென்ற கிளெசி கம்மின்ஸ்

அமெரிக்க நாட்டின் நெடுஞ்சாலைகளில் செல்வோர், சிற்றூர்களின் எல்லையில் விந்தையானதோர் அறிவிப்புப் பலகையைக் காணலாம். லாரிகள் இவ்விடத்தில் எஞ்சின் பிரேக்கைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அவ்வறிவிப்பு. பிரேக் போடாதே என்று ஓர் ஊர் சொல்லுமா? சொல்லுகிறது. காரணம் ஓசை. வயல்களுக்கு நடுவே ஊர் அடங்கிக் கிடக்கும் நள்ளிரவில், எந்திரத் துப்பாக்கி வெடிப்பது போலத் தடதடவென்று முழங்கிக்கொண்டு ஒரு லாரி வேகத்தைக் குறைத்தால், தொட்டில் குழந்தை முதல் தொண்டு கிழவர் வரை விழித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பிரேக்கைக் கண்டுபிடித்தவரும் ஒரு சிற்றூர்க்காரரே. அவர்தாம் கிளெசி லைல் கம்மின்ஸ்.

கம்மின்ஸ் என்ற பெயர் நமக்குப் புதியதன்று. 1962-இல் புனேயில் தோன்றிய கிர்லோஸ்கர் கம்மின்ஸ் நிறுவனத்தின் வழியாக அது நம் நாட்டிலும் வேரூன்றியது. பெயருக்குரிய மனிதரைப் பற்றித்தான் நம்மில் பலர் அறியோம்.

1888-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், இந்தியானா மாநிலத்து ஹனி கிரீக் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் கம்மின்ஸ் பிறந்தார். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் கை நிற்கவில்லை. பதினொரு வயதிலேயே இரும்பை உருக்கி வார்த்து ஒரு சிறிய நீராவி எஞ்சினைச் செய்து ஓட்டிக் காட்டியவர் அவர். பின்னர்க் கொலம்பஸ் நகரத்து வங்கியாளர் வில்லியம் இர்வினிடம் காரோட்டியாகச் சேர்ந்தார். காரோட்டியின் கைத்திறனைக் கண்ட முதலாளி, அவர் பட்டறை வைக்க இடமும் பொருளும் தந்தார். 1919-இல் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி பிறந்தது.

தொடக்கம் இனிதாக அமையவில்லை. சியர்ஸ் ரோபக் என்னும் பெரிய அஞ்சல்வழி வணிக நிறுவனத்தின் மூலம் உழவர்களுக்குச் சிறு எஞ்சின்களை விற்றார்கள். மனநிறைவு இல்லையேல் பணம் வாபஸ் என்பது அந்நிறுவனத்தின் வாக்குறுதி. பருவம் முழுதும் எஞ்சினை ஓட்டி வேலையை முடித்துக்கொண்டு, பிறகு திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொண்ட உழவர்களும் இருந்தார்கள்! எஞ்சினிலும் குறைகள் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. ஆண்டுதோறும் நட்டமே மிஞ்சியது.

1929-இல் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது இர்வினும் சலித்துப் போனார். கம்மின்ஸ் வாதாடவில்லை. பழைய பக்கார்டு கார் ஒன்றில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, கிறிஸ்துமஸ் அன்று இர்வினை அதில் ஏற்றிச் சென்றார். மீண்டும் பணம் கிடைத்தது. அடுத்த மாதமே அந்தக் காரை இந்தியானாவிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ 800 மைல் ஓட்டிச் சென்றார். எண்ணெய்ச் செலவு 1 டாலர் 38 சென்ட். 1931-இல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் அவருடைய டீசல் கார் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடி முடித்தது. பதின்மூன்றாம் இடம்தான். ஆயினும் வழியில் ஒருமுறைகூட எண்ணெய் ஊற்றவில்லை என்பதே செய்தியாயிற்று.

அதே 1931-இல்தான் அவருடைய வாழ்வைத் திருப்பிவிட்ட நிகழ்ச்சி நடந்தது. டீசல் லாரி ஒன்றில் அவரும் இரு துணைவர்களும் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்குப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 3,200 மைல். கலிபோர்னியாவில் கஹோன் கணவாயின் நீண்ட இறக்கத்தில் லாரி கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கியது. கியரைக் குறைக்கவும் இயலவில்லை; பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டன. கீழே சாலையின் குறுக்கே இருப்புப்பாதை. அதில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது! அதன் கடைசிப் பெட்டி சாலையைக் கடந்தது. மயிரிழையில் லாரியும் கடந்தது. மூவரும் உயிர் தப்பினர்.

இங்கே அறிவியல் சிறிது பேசியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று வரும் வழி அடைபடுவதால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசல் எஞ்சினில் அவ்வாறு காற்றை அடைக்கும் ஏற்பாடு இல்லை. பிஸ்டன் மேலே செல்லும்போது காற்றை அழுத்தும். அழுந்திய காற்று சுருள்வில் போலப் பிஸ்டனைத் திரும்பக் கீழே தள்ளிவிடும். கொடுத்த ஆற்றல் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே பாரம் ஏற்றிய லாரியின் சுமை முழுவதும் சக்கரத்துப் பிரேக்கின் தலையில் விழுகிறது.

காற்று நன்கு அழுந்திய அந்தக் கணத்தில் வெளியேற்று வால்வைத் திறந்துவிட்டால் என்ன? அழுத்துவதற்குச் செலவான ஆற்றல் திரும்பாது; எஞ்சினே பிரேக்காகிவிடும். ஆனால் சரியாக அந்தக் கணத்தில் வால்வைத் திறப்பது எது? 1955-இல் கம்பெனிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுக் கலிபோர்னியாவில் வாழ்ந்த கம்மின்ஸ் இதற்கு விடை கண்டார். விடை அவருடைய எஞ்சினுக்குள்ளேயே இருந்தது! எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை இயக்கும் கேம், வேண்டிய அதே கணத்தில்தான் எழுகிறது. அவ்வசைவை எண்ணெய் அழுத்தத்தின் மூலம் வெளியேற்று வால்வுக்கு மாற்றிவிட்டார். இருக்கும் எஞ்சினின் தலையிலேயே பொருத்திவிடக் கூடிய கருவி. இதன் எளிமையை எண்ணி எண்ணி வியக்கலாம்.

ஆனால் அவர் தோற்றுவித்த கம்பெனியே அதனை ஏற்கவில்லை. துளையிடும் கருவிகளுக்குச் சக் செய்துவந்த ஜேக்கப்ஸ் நிறுவனம் ஏற்றது. 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓட்டுநர்கள் அதனை ஜேக் என்று செல்லமாக அழைத்தனர். மலைப்பாதைகளில் லாரிகள் அச்சமின்றி இறங்கின. பிரேக் லைனிங்குகள் நெடுநாள் உழைத்தன. 1968 ஆகஸ்டு 17-இல் கம்மின்ஸ் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின்னரே ஊர்களின் முறையீடு பெரிதாகியது. ஓசை எங்கிருந்து வருகிறது? அழுந்திய காற்று ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் ஒரு வெடி. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வீதம், நொடிக்கு 100 வெடிகள். நல்ல சைலன்சர் இருந்தால் இவ்வெடிகள் தணிந்துவிடும். அதனைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயை மாட்டிக்கொண்டு, அந்த முழக்கத்தையே வீரமாகக் கருதும் ஓட்டுநர்களால்தான் தொல்லை. சமவெளியில், பிரேக் லைனிங்கை மிச்சப்படுத்தும் பொருட்டு ஊர் நடுவே அதனைப் போடுவோரும் உளர். ஊர் எல்லைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தால் யாருக்கும் இடையூறில்லை. ஒரு விரல் அசைவு. அதனைச் செய்யாதவர் மீது ஊரார் சினம் கொள்வதில் வியப்பென்ன?

ஆயினும் மலையடிவாரத்து ஊரின் நிலை வேறு. அங்கே எஞ்சின் பிரேக்கை முற்றிலும் விலக்கினால், பிடிப்பிழந்த லாரி வந்து நிற்கும் இடமும் அதே ஊராக இருக்கலாம். ஆதலால் பல ஊர்களின் விதிகள் ஆபத்துக் காலத்துக்கு விலக்கு அளித்துள்ளன. தடை வேண்டியது பிரேக்குக்கு அன்று, கழற்றிய சைலன்சருக்கே என்பது என் கருத்து. அமெரிக்காவில் 1972-இல் ஓசைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1978 முதல் புதிய லாரிகளின் ஓசைக்கு 83 டெசிபல் என்றும், 1988 முதல் 80 டெசிபல் என்றும் வரம்பு வகுத்தனர். ஆனால் தொழிற்சாலையிலிருந்து அமைதியாக வெளிவந்த வண்டியைப் பட்டறையில் மாற்றிக்கொள்பவரை அங்கே காத்திருந்து பிடிப்பவர் யார்? ஆஸ்திரேலியாவிலோ, குடியிருப்புகளின் அருகே எஞ்சின் பிரேக்கைத் தவிர்க்குமாறு ஓட்டுநர்களை வேண்டிக்கொள்ளும் பலகைகள் உள்ளன.

1985-இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் கழகம் இப்பிரேக்கை வரலாற்றுச் சின்னமாக அறிவித்துப் பெருமை செய்தது. சிற்றூர்களிலோ, ஜேக் பிரேக்குக்குத் தடை என்று பெயர் சுட்டியே பலகைகள் நின்றன. தன் வணிகப் பெயர் இப்படித் தெருமுனையில் வசை ஏற்பதை ஜேக்கப்ஸ் நிறுவனம் பொறுக்கவில்லை. ஜேக் என்று எழுதாமல், சைலன்சர் இல்லாத எஞ்சின் பிரேக்கைத் தடை செய்வதாக எழுதுமாறு ஊர் ஆட்சியினரைக் கேட்டுக்கொண்டது. சில ஊர்களில் பலகைகள் அவ்வாறே எழுதப்பட்டன.