மாணாக்கர்க்கேற்ப நூல் செய்த வீரமாமுனிவர்

தேம்பாவணி தந்த வீரமாமுனிவரை நம் பங்கில் அறியாதார் இலர். ஏலாக்குறிச்சிக்கு யாத்திரை போய் வந்த குடும்பங்களில் அவர் பெயர் அடைக்கல அன்னையின் பெயரோடு சேர்ந்தே வழங்கும். காவியப் புலவர் என்றே அவரை மேடைதோறும் புகழ்கிறோம். அவர் வாழ்வில் வேறொரு பக்கமும் உண்டு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவோர் அறிய வேண்டிய பக்கம் அது.

இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8ஆம் நாள் பிறந்த பெஸ்கி, 1698 இல் சேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்று 1710 இல் இந்தியா வந்து மதுரை மிஷனில் பணி ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. அந்த வயதில் ஓர் அந்நிய மொழியின் அரிச்சுவடியைக் கையில் எடுத்தவருக்கு, கற்பவனின் கண் எங்கே தடுமாறும், நா எங்கே தடுக்கும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

அக்கால ஏடுகளில் எரி என்பதற்கும் ஏரி என்பதற்கும் எழுத்தில் வேற்றுமை இராது. குற்றெழுத்தின் தலையில் புள்ளி வைக்க வேண்டும் என்பது பழைய விதி. ஓலை கிழியுமென்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். கற்றறிந்த புலவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். புதிதாகப் படிக்கிறவன் திகைத்து நிற்பான். முனிவர் நெட்டெழுத்துக்கே தனி அடையாளம் தந்தார். ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடு, ஓகாரத்துக்கு ஒரு சுழி, கே, கோ போன்றவற்றுக்கு இரட்டைக் கொம்பு. இன்று நம் முதல் வகுப்புக் குழந்தை சிலேட்டில் எழுதுவது அதுவே.

ஊர் ஊராய்ச் சென்று மறை போதித்த உபதேசியாருக்கு இலக்கணமும் கவிதையும் வேண்டுவதில்லை. அவர்களுக்கென்று 1727 இல் உரைநடையில் வேதியர் ஒழுக்கம் எழுதினார். ஐரோப்பாவிலிருந்து வரும் குருக்களின் தேவை வேறு. சந்தையிலும் களத்துமேட்டிலும் மக்கள் பேசும் பேச்சு அவர்களுக்குப் புரிய வேண்டும். ஆகவே 1728 இல் பேச்சுத் தமிழுக்கென்றே இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் செய்தார். செந்தமிழ் நூல்களைப் பயில விரும்பியவர்க்கு 1730 இல் வேறோர் இலக்கணம். பாவசங்கீர்த்தனம் கேட்கப் போகும் குருவை யாப்பிலக்கணத்தில் மாட்டிவைக்க அவர் விரும்பவில்லை போலும்! அவர்கள் எளிய தமிழ் பழகவே பரமார்த்த குரு கதையையும் எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களின் கூத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டே மொழி கற்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. லூத்தரன் சபையாரோடு கடுமையாக வாதிட்டு நூல்கள் எழுதியவர் முனிவர். ஆயினும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738 இல் அச்சிட்டது தரங்கம்பாடி லூத்தரன் அச்சுக்கூடமே.

எல்லாவற்றிலும் பெரிய உபகாரம் 1732 இல் அவர் முடித்த சதுரகராதி என்பதே எம் எண்ணம். அதற்கு முன் சொல்லுக்குப் பொருள் அறிய நிகண்டுகளே துணை. அவை செய்யுள். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்தாக வேண்டும். நினைவாற்றல் குறைந்தவனுக்கும், வயது கடந்து படிக்க வந்தவனுக்கும் அந்தக் கதவு திறவாது. முதலெழுத்து வரிசையில் அமைந்த அகராதி நிகண்டு ஒன்று முன்பே இருந்தது மெய்தான், அதுவும் செய்யுளே. முனிவர் மனப்பாடத்தை வேண்டாத நூல் செய்தார். எழுத்து வரிசை தெரிந்தால் போதும், எவரும் தேடிக் கண்டுகொள்ளலாம். அதிலும் நான்கு பிரிவு: சொல்லின் பொருளுக்குப் பெயர், ஒரு பொருளின் பல பெயர்களுக்குப் பொருள், முக்கனி, நவமணி போன்ற கூட்டங்களுக்குத் தொகை, செய்யுள் இயற்றுவோருக்கு எதுகைச் சொற்கள் தரும் தொடை.

நம் மறைக்கல்வி வகுப்பிலும் ஒரு வாரத்தில் செபங்களை ஒப்பிக்கும் பிள்ளை உண்டு; நான்கு மாதமாகியும் திணறும் பிள்ளையும் உண்டு. பின்னவனை மந்தபுத்தி என்று ஒதுக்குவது எளிது. அவனுக்குப் பொருத்தமான வழி தேடுவது ஆசிரியரின் வேலையன்றோ?

முனிவரின் நூல் யாவும் எளியன என்று சொல்ல வரவில்லை. 1726 இல் முடிந்த தேம்பாவணியில் 3615 பாடல்கள். உரையின்றி நம்மில் பலருக்கு விளங்காது. ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கமும் புலவர்க்கே உரியது. அவர்களும் அவருக்கு மாணாக்கரே.

1747 இல் முனிவர் மறைந்தார். அவர் நூல்கள் பல ஓலையிலேயே கிடந்தன. அவற்றைத் தேடி அலைந்தவர் நம் புதுவையைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை. சென்னைக் கல்விச் சங்கத்தில் பணியாற்றிய அவர், 1822 இல் முனிவரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதினார். இரண்டாண்டு கழித்து, 1824 இல், சதுரகராதி சென்னையில் அச்சேறியது. தேம்பாவணியோ 1851 முதல் பாகம் பாகமாக நம் புதுவை மிஷன் அச்சுக்கூடத்திலேயே வெளிவந்தது.