மெசிக்குள் மறைந்திருக்கும் மனிதர்: ஹரி பேர்குசன்

வன்னியில் நாங்கள் அதை மெசி என்றுதான் சொல்வோம். வயலுக்குப் போனது மெசி, கலியாணத்துக்கு ஆட்களை ஏற்றியது மெசி, இடம்பெயர்ந்தபோது பாயையும் பானையையும் கிழவிகளையும் சுமந்ததும் மெசி. முழுப் பெயர் மெசி பேர்குசன். மெசி என்பது கனடாவில் அறுவடைக் கருவிகள் செய்த ஒரு பழைய கம்பனியின் பெயர். அந்த இயந்திரத்துக்கு மூளை வைத்தவர் மற்றவர், பேர்குசன். எங்களுடைய வாயில் விழுத்துப்பட்டுப் போனது அவருடைய பெயர்தான்.

நான் ஒருகொடவத்தையில் ஒரு கராச்சில் வேலை செய்கிறேன். கொள்கலன் லொறிகள் இரவு பகலாக ஓடும் இடம். எங்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி லொறி வேலைதான். ஆனாலும் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வடக்கிலிருந்து யாராவது ஒரு பழைய 35இன் அல்லது 135இன் ஹைட்ரோலிக் பாகத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பஞ்சிகாவத்தையில் சாமான் தேடிக் களைத்துப்போய் வருபவர்கள். அந்தப் பாகங்களைக் கழற்றிப் பூட்டிய பழக்கத்தில்தான் இவரைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

ஹரி பேர்குசன் 1884 நவம்பர் 4ஆம் திகதி அயர்லாந்தின் வடக்கே, டவுண் மாவட்டத்தில் குரோவல் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பன் கமக்காரர், கண்டிப்பான பக்திமான். 11 பிள்ளைகளில் ஹரி நான்காவது. தோட்ட வேலை அவருக்குப் பிடிக்கவேயில்லை. கனடாவுக்குப் போய்விட நினைத்திருந்தவரை, பெல்பாஸ்டில் வாகனத் திருத்தகம் வைத்திருந்த தமையன் ஜோ 1902இல் தன்னோடு சேர்த்துக்கொண்டார். மண்ணைவிட்டு ஓடிய பையன்தான் பிறகு உலகத்தின் பாதிக் கமக்காரருக்கு உழவு இயந்திரம் செய்தார்.

இயந்திரத்தின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்லக்கூடியவர் என்று பெயரெடுத்தார். மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் ஓடினார். 1909 டிசெம்பர் 31ஆம் திகதி, தானே செய்த ஆகாய விமானத்தில் ஹில்ஸ்பரோவில் 130 யார் தூரம் பறந்தார். அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவர் அவர்தான். 1911இல் சொந்தமாகக் கராச் திறந்தார்.

அவருடைய அரசியலையும் சொல்லாமல் விடக்கூடாது. அயர்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்து போகக்கூடாது என்று நின்ற அல்ஸ்ரர் தரப்பைச் சேர்ந்தவர் அவர். 1914இல் அந்தத் தரப்பின் ஆயுதக் குழுவுக்கு லார்ன் துறைமுகத்தால் கள்ளமாகத் துப்பாக்கிகள் இறங்கியபோது அதற்கு உதவியவர்களில் அவரும் ஒருவர். இன்று எங்களுக்கு அதில் எந்தப் பக்கம் சரி என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. அவரும் பிளவுபட்ட ஒரு நாட்டில் வளர்ந்த மனிதர் என்பது தெரிந்திருந்தால் போதும்.

முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க, பிரிட்டனில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1917இல் அயர்லாந்தில் இருக்கும் உழவு இயந்திரங்களைச் சரியாக வேலை செய்ய வைக்கும் பொறுப்பு பேர்குசனிடம் கொடுக்கப்பட்டது. வில்லி சாண்ட்ஸ் என்ற தன்னுடைய மெக்கானிக்குடன் ஊர் ஊராகப் போனார். அங்கே கண்ட குறை ஒன்றுதான் அவருடைய மிச்ச வாழ்க்கையைத் தீர்மானித்தது.

அந்தக் காலத்தில் கலப்பையை மாட்டு வண்டிபோல இயந்திரத்துக்குப் பின்னால் சங்கிலியிலோ கம்பியிலோ கட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு கல்லிலோ வேரிலோ மாட்டினால் பின்சில்லு நிற்காது. முன்பக்கம் மேலே எழும்பி, இயந்திரம் பின்னுக்குப் பிரண்டு ஓட்டுநரின் மேல் விழும். அப்படிச் செத்தவர்கள் பலர். சில்லு சறுக்காமல் இருக்க இயந்திரத்தைப் பாரமாகச் செய்தார்கள். பாரம் கூடக் கூட மண் இறுகியது, விலையும் ஏறியது.

பேர்குசன் கலப்பையையும் இயந்திரத்தையும் ஒரே உடம்பாக்கினார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, மூன்று இடத்தில் பூட்டு. நிலம் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும்போது, மேல் கை இயந்திரத்தை முன்னுக்குத் தள்ளி முன்சில்லைத் தரையில் அழுத்தும். ஆளைக் கொன்ற அதே விசை இப்போது ஆளைக் காப்பாற்றியது. மேல் கை பூட்டும் இடத்தில், ஆசனத்துக்குப் பின்னால், ஒரு தடித்த சுருள்வில் இருக்கும். கலப்பை ஆழமாகப் போய் இழுவை கூடினால் அந்த வில் நெரிபடும், உள்ளே வால்வு திறக்கும், ஹைட்ரோலிக் கலப்பையைச் சற்றே தூக்கும். இழுவை குறைந்தால் திரும்ப இறக்கும். ஓட்டுபவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இன்று எந்த நாட்டு உழவு இயந்திரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் அந்த மூன்று கைதான். இவ்வளவு எளிமையான ஒன்றைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு இருபது வருடம் பிடித்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1936இல் டேவிட் பிரவுண் என்பவருடன் சேர்ந்து முதல் இயந்திரங்களை விற்பனைக்கு விட்டார். சுமார் 1,350 மட்டுமே செய்யப்பட்டன. இருவருக்கும் ஒத்துவரவில்லை. பேர்குசனுடன் கனகாலம் ஒத்துப்போனவர்கள் குறைவு. 1938இல் ஒரு இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போய் ஹென்றி போர்டிடம் ஓட்டிக் காட்டினார். வீட்டிலிருந்து ஒரு மேசையை வெளியே எடுத்துப்போட்டு இருவரும் இருந்து பேசி, கைகுலுக்கி முடித்தார்கள். கையெழுத்தில்லை, கடதாசியில்லை.

1939இலிருந்து போர்ட் தொழிற்சாலையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் வெளிவந்தன. பிறகு போர்டின் பேரன் பொறுப்புக்கு வந்தார். கைகுலுக்கியதை அவர் மதிக்கவில்லை. உடன்பாட்டை முறித்துவிட்டு, அதே முறையில் தங்களுடைய இயந்திரத்தைச் செய்து விற்றார்கள். பேர்குசன் 25 கோடி டொலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டார். நான்கு வருடம் இழுத்து, 1952இல் 92.5 இலட்சம் டொலருடன் முடிந்தது. காணி உறுதியும் வாகனப் புத்தகமும் போரில் தொலைந்து, தன்னுடையதைத் தன்னுடையது என்று நிரூபிக்க அலையும் எங்கள் சனத்துக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவரிடம் வழக்காடப் பணமிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கிடையில் 1946இல், போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த கொவென்றியின் பானர் லேன் தொழிற்சாலையில் சாம்பல் நிற டி.ஈ.20 பிறந்தது. பத்து வருடத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேல். அந்த இயந்திரத்தைச் சந்தைப்படுத்த 1948இல் லண்டன் கிளாரிட்ஜஸ் ஹோட்டலின் படிக்கட்டால் அதை ஓட்டி இறக்கிக் காட்டினார் மனிதர். எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போனது பேர்குசன் இயந்திரங்களில்தான்.

அதனுடன் வந்த ஸ்பனர் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலப்பையையும் மற்றக் கருவிகளையும் பூட்டிச் சரிசெய்ய அந்த ஒன்று போதும். அதில் அங்குலக் கோடுகளும் வெட்டப்பட்டிருக்கும், அளவுகோலாகவும் பாவிக்கலாம். ஏழைக் கமக்காரனின் கையில் நிறையச் சாவி இருக்காது என்று யோசித்தவர் அவர்.

டி.ஈ.டி.20 என்று இன்னொரு வகையும் வந்தது. பெற்றோலில் எஞ்சினை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாற்றுவது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். பொருளாதாரத் தடை நாட்களில் சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோலைப் பீச்சி மோட்டார் சைக்கிளை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் நாங்கள். கொவென்றிப் பொறியியலாளர் கணக்குப் போட்டுச் செய்ததை எங்கள் மெக்கானிக்மார் தெருவோரத்தில் செய்தார்கள்.

1953இல் பேர்குசன் தன்னுடைய கம்பனியை மெசி-ஹரிஸ் உடன் இணைத்தார். விலையில் பத்து இலட்சம் டொலர் இழுபறிப்பட, நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். தோற்றவர் பேர்குசன். அடுத்த வருடமே சண்டைபிடித்து விலகினார். அவருடைய பெயரை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் நான்கு சில்லும் இழுக்கும் கார் செய்வதில் பணத்தைக் கொட்டினார். நித்திரை வராத வருத்தமும் மனச்சோர்வும் அவரை நெடுங்காலம் வருத்தின. 1960 ஒக்டோபர் 25ஆம் திகதி வீட்டில் இறந்துகிடந்தார். நித்திரைக் குளிசை அளவுக்கு மிஞ்சியிருந்தது. தெரிந்து எடுத்தாரா, தவறியா என்று விசாரணை தீர்க்கவில்லை.

அவருடைய முறை அடுத்தடுத்த மொடல்களில் தொடர்ந்தது. 35உம் 135உம் அப்படித்தான் எங்களிடம் வந்தன. 1960இல் தொடங்கிய சென்னை டாஃபே நிறுவனமும் மெசி பேர்குசன் இயந்திரங்களைச் செய்தது. முள்ளிவாய்க்கால் மணலில் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்தவற்றில் எத்தனை அவை என்று யார் எண்ணினார்கள். அப்படிக் கிடந்த ஒன்றின் நடுக்கூட்டைத்தான் போன வருடம் ஒரு ஐயா கொண்டுவந்தார். தகப்பனின் மெசி. எஞ்சின் இறுகிவிட்டது, மாற்றலாம். ஆனால் தூக்கி வேலை செய்ய வேண்டும் என்று நின்றார்.

அப்படி வைத்திருப்பவர்களுக்குச் சில விடயம். கியர்பொக்ஸுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான். அது பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, முதலில் முழுவதையும் வடித்துக் கழுவுங்கள். பாரத்தைத் தூக்கிவிட்டுப் பிடிக்காமல் மெல்ல இறங்கினால் உடனே பம்பை மாற்றச் சொல்லாதீர்கள், அநேகமாகச் சிலிண்டரின் பிஸ்டன் வளையம் அல்லது சீல்தான். ஆசனத்துக்குப் பின்னாலுள்ள அந்தச் சுருள்வில் கையால் பிடித்து ஆட்ட ஆடக்கூடாது. ஆடினால் கலப்பை துள்ளித் துள்ளித்தான் உழும். புதைந்த லொறியை இழுக்கிறோம் என்று மேல் கை பூட்டும் இடத்தில் சங்கிலியைக் கொழுவவே வேண்டாம். கீழேயுள்ள இழுவைச் சட்டத்தில்தான் கொழுவ வேண்டும். மேலே கொழுவினால் அது பின்னுக்குப் பிரளும், 1917இல் பிரண்ட மாதிரியே.

ஐயாவின் தூக்கி இப்போது பிடிக்கிறது. எஞ்சினுக்கு இன்னும் கிராங்க் தண்டு கிடைக்கவில்லை.